பழைய பிக்கப் வண்டியில கரண்ட் கோளாறு: நாமளே தேடிக் கண்டுபிடிக்கிற வழி

டாடா 207, பொலிரோ பிக்கப், குட்டி யானைன்னு நாம கூப்பிடுற டாடா ஏஸ், இந்த மாதிரி வண்டியில பத்து பதினஞ்சு வருஷம் ஓடினதை கையில வச்சிருக்கிறவங்களுக்கு எஞ்சினை விட வயரிங்தான் அதிகமா தொந்தரவு குடுக்கும். எஞ்சின் கெட்டா சத்தம் போடும், புகை விடும், கோளாறு எந்தப் பக்கம்னு ஓரளவு புரிஞ்சிடும். கரண்ட் அப்படி இல்ல, நேத்து எரிஞ்ச லைட் இன்னைக்கு எரியாது, தட்டினா எரியும், மழை பெஞ்சா ஃபியூஸ் போகும், வெயில் அடிச்சா தானா சரியாயிடும். அதனால என்ன நடக்குதுன்னா முதல்ல பேட்டரி மாத்துறாங்க, சரியாகல, அடுத்து ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் மாத்துறாங்க, அதுக்கும் சரியாகல, செல்ஃப் மோட்டாரைக் கழட்டி ரீவைண்டிங் பண்றாங்க, இவ்வளவு செலவு பண்ணின பிறகு பார்த்தா சேசிஸ்ல எர்த் வயர் மாட்டின போல்ட்டு துரு பிடிச்சு உக்காந்திருக்கும். லோடு அடிச்சு பொழப்பு நடத்துறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல, வண்டி நிக்கிற ஒவ்வொரு நாளும் வாடகை போச்சு.

அதனால புதுசா கத்துக்கிறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: அளந்து பார்க்காம எந்தப் பார்ட்டையும் மாத்தாதீங்க, அளக்கிறதையும் கரண்ட் ஓடிட்டு இருக்கும்போதே அளங்க. இந்த ரெண்டாவது பாதியைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இங்க எழுதியிருக்கிறது எல்லாம் 12 வோல்ட், மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய வண்டிக்கு. காமன் ரெயில் எஞ்சின், ஈ.சி.யூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்), சென்சார் எல்லாம் இருக்கிற வண்டின்னா லைட்டு, ஹாரன், பேட்டரி, செல்ஃப் விஷயத்துக்கு இதே முறை செல்லும், ஆனா ஈ.சி.யூவுக்குப் போற வயர்ல டெஸ்ட் பல்பை வச்சுக் குத்தக் கூடாது, அந்த பல்பு இழுக்கிற கரண்ட்டே உள்ள இருக்கிற சர்க்யூட்டைக் கெடுத்துடும். பெரிய லாரிங்க 24 வோல்ட், அதுக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

கையில என்ன வேணும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே போதும். அடுத்து டெஸ்ட் பல்பு, இதை நீங்களே செஞ்சுக்கலாம், ஒரு 12 வோல்ட் இன்டிகேட்டர் பல்பு, ஹோல்டர், ரெண்டு நீள வயர், ஒரு முனையில க்ளிப், இன்னொரு முனையில கூரான கம்பி, அவ்வளவுதான். மூணாவது, ஒரு பழைய எச்4 ஹெட்லைட் பல்பு, ஒரு ஃபிலமென்ட் போயிருந்தாலும் பரவாயில்ல இன்னொண்ணு எரிஞ்சா போதும், அதுல ரெண்டு வயர் பத்தவச்சு வச்சுக்கோங்க, இது எதுக்குன்னு கீழ சொல்றேன், இந்தக் கட்டுரையிலயே ரொம்ப உபயோகமான சாமான் அதுதான். இது போக உப்புத்தாள், 10-ம் நம்பர் ஸ்பேனர், எல்லா அளவுலயும் ரெண்டு ரெண்டு ஃபியூஸ், ஒரு டார்ச் லைட், ஒரு அஞ்சாறு மீட்டர் வயர்.

தட்டையா ரெண்டு கால் வச்ச பிளேடு ஃபியூஸோட கலர் எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான், மனசுல வச்சுக்கோங்க: பிரவுன் 7.5 ஆம்ப், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, கலரே இல்லாத வெள்ளைக் கண்ணாடி மாதிரி இருக்கிறது 25, பச்சை 30. வயர் கலரை மட்டும் நம்பிடாதீங்க, பழைய வண்டியில நாலு பேர் கை வச்சிருப்பாங்க, கையில கிடைச்ச கலரைப் போட்டு ஒட்டுப் போட்டிருப்பாங்க.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்கிற மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாம் கழட்டிடுங்க. பேட்டரியைக் கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில. பிளஸ்ஸை முதல்ல கழட்டப் போயி ஸ்பேனர் பாடியில பட்டுச்சுன்னா ஸ்பேனரே சிவந்து உருகும், பக்கத்துல பேட்டரியில இருந்து வர்ற ஹைட்ரஜன் இருந்தா வெடிக்கவும் செய்யும்.

கரண்ட் எப்படி ஓடுது

பேட்டரி பிளஸ்ல கிளம்பி ஃபியூஸ், சுவிட்ச், ரிலே (சின்ன கரண்ட்டை வச்சு பெரிய கரண்ட்டைத் திறந்து மூடுற சுவிட்ச்) வழியா பல்புக்கோ மோட்டாருக்கோ போகுது, அங்க வேலையை முடிச்சுட்டு எர்த் வழியா பாடி, சேசிஸ் பிடிச்சு பேட்டரி மைனஸுக்குத் திரும்பி வருது. திரும்பி வர்ற வழியும் போற வழி அளவுக்கு முக்கியம். பழைய வண்டியில பாதிக் கோளாறு இந்தத் திரும்பி வர்ற பக்கத்துலதான் இருக்கும், ஆனா எல்லாரும் தேடுறது போற பக்கத்துல.

கோளாறு மூணே வகை. எங்கயோ வயர் அறுந்து கரண்ட் போகவே இல்ல. எங்கயோ வயர் உரசி நேரா பாடியில பட்டு ஷார்ட் ஆகுது, ஃபியூஸ் போகுது. மூணாவது, துரு, பச்சை பூத்தது, லூஸ் கனெக்‌ஷன், பத்து இழையில ரெண்டு இழை மட்டும் மிச்சம் இருக்கிற வயர், இதுல கரண்ட் போகும் ஆனா போதுமான அளவு போகாது. ஆளைச் சுத்தி விடுறது இந்த மூணாவது வகைதான், ஏன்னா சும்மா மீட்டர் வச்சா 12 வோல்ட் காட்டும். தோட்டத்துல மோட்டார் பைப்புல அடைப்பு இருந்தாலும் வால்வை மூடி வச்சுட்டு பிரஷர் பார்த்தா முழுசாத்தான் காட்டும், திறந்து தண்ணி ஓடும்போதுதான் அடைப்பு தெரியும், வயரும் அதே மாதிரிதான். அதனாலதான் லைட்டைப் போட்டு எரிய விட்டுட்டு, இல்ல செல்ஃப் அடிச்சுக்கிட்டே அளக்கணும்னு சொல்றேன். டெஸ்ட் பல்போட அருமையும் அதுதான், அது தானே கொஞ்சம் கரண்ட் இழுக்கும், துரு பிடிச்சு, பச்சை பூத்துப் போன கனெக்‌ஷன்ல மீட்டர் 12 காட்டினாலும் பல்பு மங்கலாத்தான் எரியும்.

முதல்ல பேட்டரி

எந்தக் கோளாறா இருந்தாலும் பேட்டரியில ஆரம்பிங்க, பேட்டரி சரியில்லாம மத்த எதை அளந்தாலும் அர்த்தம் இல்ல. ராத்திரி நிறுத்தின வண்டியை காலையில சாவி போடுறதுக்கு முன்னாடி அளங்க. 12.6 வோல்ட் இருந்தா ஃபுல் சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழ போச்சுன்னா சார்ஜ் போட்டுட்டு அப்புறம்தான் மத்த வேலை. இப்பத்தான் வண்டி ஓடி நின்னுச்சுன்னா அளவு கூடக் காட்டும், ஹெட்லைட்டை ரெண்டு நிமிஷம் போட்டு அணைச்சுட்டு கொஞ்சம் பொறுத்து அளங்க. சார்ஜ் போட்டும் 10.5 பக்கத்துலயே நிக்குதுன்னா ஆறு செல்லுல ஒண்ணு போயிடுச்சுன்னு அர்த்தம், அந்த பேட்டரியோட மல்லுக்கட்ட வேண்டாம்.

தண்ணி ஊத்துற பேட்டரின்னா மூடியைக் கழட்டி பிளேட் மூழ்கியிருக்கான்னு பாருங்க, குறைஞ்சிருந்தா பேட்டரி தண்ணி மட்டும் ஊத்துங்க, ஆசிட் ஊத்தாதீங்க. டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா வெந்நீர்ல சமையல் சோடா கலந்து ஊத்திக் கழுவி (செல்லுக்குள்ள போயிடாம), உப்புத்தாள் போட்டு, டைட் பண்ணி, மேல வாசலின் தடவிடுங்க. கிளாம்ப்பைக் கையால திருகிப் பாருங்க, அசைஞ்சா அதுவே கோளாறு.

செல்ஃப் அடிக்கலன்னா

காதைக் குடுத்துக் கேளுங்க. டக டக டகன்னு வேகமா அடிச்சா பேட்டரி இறங்கியிருக்கு இல்ல டெர்மினல் லூஸ். ஒரே ஒரு டக், அப்புறம் அமைதின்னா சாலினாய்டு (செல்ஃப் மோட்டார் மேல இருக்கிற காந்த சுவிட்ச்) இழுக்குது ஆனா மோட்டாருக்கு கரண்ட் போதல, உள்ள இருக்கிற காப்பர் கான்டாக்ட் கருகியிருக்கலாம், கேபிள் சரியில்லாம இருக்கலாம். சத்தமே இல்லன்னா சாவியில இருந்து வர்ற சின்ன வயர்ல கரண்ட் வரல. செல்ஃப் மோட்டார்ல அந்தச் சின்ன வயர் வர்ற இடத்துக்கு 50-ன்னு நம்பர் போட்டிருக்கும், டெஸ்ட் பல்போட க்ளிப்பை எர்த்துல மாட்டி, கூரான முனையை அங்க வச்சுட்டு இன்னொருத்தரை சாவி திருப்பச் சொல்லுங்க, பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா மோட்டார் பக்கம் கோளாறு, எரியலன்னா இக்னிஷன் சுவிட்ச், ரிலே, நடுவுல வயரையும் வயரையும் சேர்க்கிற கப்ளர் பக்கம்.

மோட்டார் சுத்துது ஆனா சோம்பலா சுத்துதுன்னா, அங்கதான் வோல்டேஜ் டிராப் அளக்கணும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகிடாம ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிங்க, சாலினாய்டு வச்ச டீசல் பம்ப்னா அதோட வயரைக் கழட்டிடுங்க. முதல்ல பேட்டரி ரெண்டு முனையிலயும் மீட்டர் வச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, 9.6-க்குக் கீழ இறங்கினா பேட்டரி வீக் இல்ல மோட்டார் அளவுக்கு மீறி இழுக்குது. பேட்டரி 11 வோல்ட்டுக்கு மேல திடமா நிக்குது ஆனா மோட்டார் மட்டும் மெதுவான்னா, கேபிள் மேல சந்தேகம் வைங்க.

இப்ப மீட்டரோட சிவப்பு முனையை பேட்டரி பிளஸ் ஈயக் கட்டை மேல வைங்க, கிளாம்ப் மேல இல்ல கட்டை மேலயே, கறுப்பு முனையை செல்ஃப் மோட்டார்ல கனமான கேபிள் வர்ற போல்ட்டுல வைங்க. செல்ஃப் அடிக்கும்போது மீட்டர்ல வர்ற வோல்ட் எவ்வளவோ அவ்வளவும் வழியில வீணாப் போகுதுன்னு அர்த்தம். 0.5-க்குள்ள இருந்தா சரி. அடுத்து கறுப்பு முனை பேட்டரி மைனஸ் கட்டையில, சிவப்பு முனை எஞ்சின் பிளாக்குல பெயின்ட் இல்லாத இடத்துல, மறுபடி செல்ஃப். இங்க 0.2, 0.3-க்கு மேல போகக் கூடாது. போச்சுன்னா முனையை ஒவ்வொரு ஜாயிண்ட்டா நகர்த்துங்க, கட்டையில இருந்து கிளாம்ப், கிளாம்ப்ல இருந்து கேபிள் லக் (கேபிள் நுனியில இருக்கிற உலோக வளையம்), லக்குல இருந்து சேசிஸ், சேசிஸ்ல இருந்து எஞ்சின். எந்த இடத்தைத் தாண்டும்போது வோல்ட் குதிக்குதோ அங்கதான் கோளாறு. அரை மணி நேர வேலை இது, ஒரு மோட்டார் ரீவைண்டிங் செலவு மிச்சம்.

நான் பார்த்த ஒரு பிக்கப்ல செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக் கருகின வாசம் வரும், மோட்டார் முக்கி முக்கிச் சுத்தும். பானெட்டைத் திறந்து வச்சுட்டு சாவி திருப்பச் சொல்லிப் பார்த்தா ஆக்ஸிலேட்டர் கேபிள் மேல இருக்கிற கறுப்பு உறை கொப்புளிச்சு புகையுது. கேபிள்ல ஒரு குத்தமும் இல்ல. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவுல போற சடை மாதிரி பின்னின எர்த் பட்டை கிளட்ச் ஹவுசிங் கிட்ட அறுந்து தொங்கிட்டு இருந்துச்சு, எஞ்சின் உக்கார்ந்திருக்கிறதோ ரப்பர் மவுண்ட் மேல, அப்ப செல்ஃப் மோட்டார் இழுக்கிற நூத்துக்கணக்கான ஆம்ப் திரும்பிப் போக வேற வழி இல்லாம அந்த மெல்லிசு ஆக்ஸிலேட்டர் கேபிளைப் பிடிச்சுத்தான் பாடிக்குப் போயிருக்கு. புது எர்த் பட்டை ஒண்ணு, ரெண்டு போல்ட்டு, வேலை முடிஞ்சுது. உங்க வண்டியில ஆக்ஸிலேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ காரணமில்லாம சூடானா, முதல்ல அந்தப் பட்டையைத்தான் தேடணும்.

சார்ஜ் ஏறுதா

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில 13.8-ல இருந்து 14.5 வரைக்கும் இருக்கணும். ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு கொஞ்சம் ரேஸ் குடுத்துப் பார்த்தாலும் 13.5-க்குக் கீழ போகக் கூடாது. 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போச்சு, அப்படியே ஓட்டினா பேட்டரி தண்ணி கொதிச்சு வத்தும், பல்பு அடிக்கடி போகும்.

12.5-லயே நிக்குது, ஏறவே இல்லன்னா உடனே ஆல்டர்னேட்டரைக் கழட்ட வேண்டாம். பெல்ட் லூஸான்னு பாருங்க. அடுத்து சாவி போட்டதும், வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, மீட்டர் போர்டுல பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரியுதான்னு பாருங்க. நிறைய பழைய வண்டியில ஆல்டர்னேட்டரை எழுப்பி விடுற முதல் கரண்ட் அந்த பல்பு வழியாத்தான் டி பிளஸ் முனைக்குப் போகுது, அந்தச் சின்ன பல்பு ஃபியூஸ் ஆச்சுன்னா ஆல்டர்னேட்டர் நல்லா இருந்தும் சார்ஜ் ஏறாமப் போகும். பல்பு எரியலன்னா டி பிளஸ் வயரைக் கழட்டி, சாவி போட்டு, அந்த வயர் முனையை பாடியில தொட்டுப் பாருங்க. இப்ப எரிஞ்சா பல்பும் வயரும் நல்லா இருக்கு, கோளாறு ஆல்டர்னேட்டர் உள்ள, கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும்.

நம்ம ஊர் டீசல் பிக்கப்புல இன்னொண்ணு இருக்கு, பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப்பை ஆல்டர்னேட்டர் பின்னாடியே மாட்டியிருப்பாங்க. அந்த பம்ப்புக்கு எஞ்சின் ஆயில் போகும், ஆயில் சீல் போச்சுன்னா ஆயில் உள்ள இறங்கி பிரஷ், ஸ்லிப் ரிங் எல்லாம் நனைஞ்சு சார்ஜ் நின்னு நின்னு வரும். பின்பக்கம் ஆயில் பிசுக்கு இருக்கான்னு கை வச்சுப் பாருங்க. சீல் மாத்தாம பிரஷ் மட்டும் மாத்தினா கொஞ்ச நாள்ல அதே கதைதான். மீட்டரை ஏ.சி வோல்ட்ல வச்சும் ஒரு தடவை பேட்டரியில அளந்துக்கோங்க, எஞ்சின் ஓடும்போது 0.5-க்கு மேல காட்டினா ஆல்டர்னேட்டர் உள்ள ஏ.சி-யை டி.சி-யா மாத்துற டயோடு போயிருக்கு.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பார்த்து, வண்டி நிக்கலன்னா சார்ஜ் வருதுன்னு சொல்ற பழக்கம் இன்னும் பல இடத்துல இருக்கு. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பேட்டரி இல்லாம ஆல்டர்னேட்டர் வோல்ட் சட்டுன்னு எகிறும், டயோடு, ரெகுலேட்டர், மியூசிக் சிஸ்டம் எது வேணா போகலாம். அதுவும் மெக்கானிக்கல் பம்ப் டீசல் வண்டி கரண்ட் இல்லாமலும் ஓடும், ஸ்டாப் கேபிள் உள்ள வண்டி பேட்டரியைக் கழட்டினாலும் நிக்கவே நிக்காது, அதனால அந்தச் சோதனையில எதுவும் தெரியவும் போறதில்ல.

லைட்டு கோளாறு, முக்கியமா பின்பக்கம்

நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் மீன் லோடு ஏத்துற வண்டிகளை எடுத்துக்கோங்க, ஐஸ் உருகி உப்புத் தண்ணியா டெக்ல இருந்து ஒழுகி நேரா டெயில் லேம்ப் மேலயும் அதோட கப்ளர் மேலயும்தான் வடியும். அந்த வண்டிங்கள்ல இந்தக் கோளாறை அடிக்கடி பார்க்கலாம்: பிரேக் அழுத்தினா இன்டிகேட்டர் மங்கலா எரியும், இன்டிகேட்டர் போட்டா பார்க்கிங் லைட்டும் கூடவே சிமிட்டும். புதுசாப் பார்க்கிறவங்க வயர் மாறிப் போச்சு, ஷார்ட் ஆகுதுன்னு நினைச்சு மொத்த வயரிங்கையும் பிரிக்க ஆரம்பிச்சுடுவாங்க. அது வேண்டாம், எர்த் போச்சுன்னுதான் அந்த லைட்டு சொல்லுது. பிரேக் ஃபிலமென்ட் வழியா வந்த கரண்ட்டுக்கு எர்த் கிடைக்காததால பக்கத்து பல்பு வழியா பூந்து, அதோட வயரைப் பிடிச்சு வேற எங்கயோ இருக்கிற எர்த்தைத் தேடிப் போகுது, போற வழியில அந்த பல்பும் மங்கலா எரியுது.

உறுதிப்படுத்துறது சுலபம். பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிட்டு, மீட்டர் சிவப்பு முனையை டெயில் லேம்ப் ஹோல்டரோட உலோகத்துல, கறுப்பு முனையை சேசிஸ்ல சுரண்டி எடுத்த சுத்தமான இடத்துல வைங்க. 0.1, 0.2 வோல்ட்னா நல்ல எர்த். 3, 4-ன்னு காட்டினா எர்த் போச்சு. இன்னும் சந்தேகம்னா ஒரு நீள வயரை பேட்டரி மைனஸ்ல இருந்து நேரா லேம்ப் ஹோல்டருக்கு இழுத்துத் தொட்டுப் பாருங்க, எல்லா லைட்டும் ஒழுங்கா எரிஞ்சா முடிவு தெரிஞ்சுது. ஒண்ணு கவனம், பின்னாடி பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்துப் போடுற 21/5 வாட் ரெட்டை ஃபிலமென்ட் பல்புக்கு பதிலா ஒத்தை ஃபிலமென்ட் பல்பை யாராவது சொருகியிருந்தாலும் இதே மாதிரி குழப்பம் வரும், பல்பைக் கழட்டி அடியில ரெண்டு புள்ளி இருக்கான்னு முதல்ல பாருங்க.

எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி காட்டணும், லைட்டு அங்க கட்டாயம் பார்ப்பாங்க, அதுக்கு முந்தின நாள் பதறாம முன்னாடியே இதைப் பார்த்து வச்சுக்கோங்க.

இன்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வேகமா அடிச்சா அந்தப் பக்கம் ஒரு பல்பு எரியல, அவ்வளவுதான்.

ஹெட்லைட் மங்கலா இருக்குன்னா உடனே அதிக வாட் பல்பு வாங்கிப் போடாதீங்க. லைட்டை எரிய விட்டுட்டே எச்4 சாக்கெட் பின்னாடி ரெண்டு முனையிலயும் அளங்க, பேட்டரியிலயும் அளங்க. பேட்டரியில 12.4, பல்புல 11-ன்னா வழியில 1.4 வோல்ட் தொலைஞ்சு போகுது. பல்புக்குப் போற வோல்ட் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும், ராத்திரி ரோட்டுல அது பெரிய வித்தியாசம். பழைய வண்டி பலதுல ஹெட்லைட் கரண்ட் முழுசும் ஸ்டியரிங் கிட்ட இருக்கிற சுவிட்ச் வழியாவே போகும், 90, 100 வாட் பல்பு போட்டா சுவிட்ச்சும் சாக்கெட்டும் கருகிடும். ஒரு ரிலே போட்டு பேட்டரியில இருந்து ஃபியூஸோட நேரா 2.5 ஸ்கொயர் எம்.எம் வயர் இழுத்தா அதே 60/55 வாட் பல்பே பளீர்னு எரியும்.

ரிலேயில நம்பர் போட்டிருக்கும், படிக்கத் தெரிஞ்சுக்கோங்க: 30 பேட்டரியில இருந்து வர்றது, 87 லோடுக்குப் போறது, 85-ம் 86-ம் உள்ள இருக்கிற காயில். மீட்டர்ல காயிலை அளந்தா 60-ல இருந்து 100 ஓம் வரைக்கும் காட்டும். டிக்குன்னு சத்தம் வந்தா ரிலே நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, காயில் இழுத்தாலும் கான்டாக்ட் கருகியிருக்கலாம். லைட் எரியும்போது 30-க்கும் 87-க்கும் நடுவுல அளங்க, கிட்டத்தட்ட ஜீரோ காட்டணும். ஒரே மாதிரி ரெண்டு ரிலே இருந்தா இதை அதுல மாத்திப் போட்டுப் பார்க்கிறதும் நல்ல வழி.

ஃபியூஸ் போயிட்டே இருக்குன்னா

ஃபியூஸ் போன இடத்துல காப்பர் இழையைச் சுத்தி வைக்கிறது, 10 இருந்த இடத்துல 30 போடுறது, இது ரெண்டையும் எந்த அவசரத்துலயும் பண்ணாதீங்க. ஃபியூஸ் உருகலன்னா அதுக்கு அடுத்து உருகப் போறது வயர், அது டேஷ்போர்டுக்குப் பின்னாடி, உங்க முழங்காலுக்கு மேல ஓடுது.

இங்கதான் அந்த எச்4 பல்பு. போன ஃபியூஸை எடுத்துட்டு, அந்த ரெண்டு ஓட்டையிலயும் பல்போட ரெண்டு வயரையும் சொருகுங்க. ஷார்ட் இருந்தா பல்பு முழு வெளிச்சத்துல எரியும், ஆனா 55 வாட் பல்பு 12 வோல்ட்ல நாலரை ஆம்ப் சுமார்தான் விடும், அதனால எவ்வளவு நேரம் வச்சிருந்தாலும் வயருக்கு ஒண்ணும் ஆகாது, ஃபியூஸும் ஒண்ணொண்ணா வாங்கிக் கருக்க வேண்டியதில்ல. பல்பு சூடாகும், சீட் மேல வச்சுடாதீங்க. அந்த ஃபியூஸ்ல வர்ற சாமான் எல்லாத்தையும் அணைச்சுட்டோ கழட்டிட்டோ பாருங்க, இல்லன்னா அதுங்க வழியா கரண்ட் போயி பல்பு மங்கலா எரிஞ்சு குழப்பும்.

இப்ப பல்பு எரிய எரிய ஒவ்வொரு கப்ளரா கழட்டிட்டே வாங்க. எதைக் கழட்டினதும் பல்பு அணையுதோ ஷார்ட் அதுக்கு அந்தப் பக்கம். அப்புறம் அந்த வயரைப் பிடிச்சு ஒரு சாண் ஒரு சாணா ஆட்டிக்கிட்டே போங்க, ஆட்டும்போது பல்பு மினுக்குற இடத்துல டேப்பைப் பிரிச்சுப் பாருங்க. பிக்கப்புல வழக்கமா உரசுற இடம் சிலது இருக்கு: கேபினுக்குப் பின்னாடி வயர் சேசிஸுக்கு இறங்கி டெக் அடியில போற இடம், அங்க கிளாம்ப் உடைஞ்சு வயர் தகரத்து விளிம்புல தேஞ்சுக்கிட்டே இருக்கும். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகரத் தடுப்பு, அதாவது ஃபயர் வால் ஓட்டையில ரப்பர் புஷ் காஞ்சு விழுந்த இடம். சைலன்சர் பக்கம். ஸ்டியரிங் அடி. எலி கடிச்ச இடம். எல்லாத்துக்கும் மேல, பின்னாடி சேர்த்த சாமான், ஏர் ஹாரன், எல்.இ.டி பார், சீரியல் லைட், ஸ்பீக்கர். ஃபேக்டரி வயரிங்கைக் குறை சொல்றதுக்கு முன்னாடி பின்னாடி சேர்த்தது எல்லாத்தையும் கழட்டிட்டுப் பாருங்க, கோளாறு பாதி நேரம் அதோடயே போயிடும்.

நின்னுட்டு இருக்கும்போது வராம ஓட்டும்போது மட்டும் வர்ற கோளாறுக்கு, சந்தேகப்படுற இடத்துல இருந்து ஒரு நீள வயர்ல டெஸ்ட் பல்பை கேபினுக்குள்ள கொண்டு வந்து டேஷ்போர்டு மேல ஒட்டி வச்சுட்டு ஓட்டுங்க, பக்கத்துல ஒருத்தரை உக்கார வச்சு பார்க்கச் சொல்லுங்க. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறும்போது பல்பு கண் சிமிட்டினா அதுக்கு முன்னாடி இருக்கிற வழியில லூஸ் இருக்கு.

ராத்திரியில பேட்டரி இறங்கினா

மைனஸ் கேபிளைக் கழட்டி, மீட்டரை 10 ஆம்ப் ஓட்டைக்கு மாத்தி, கேபிளுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல வைங்க. எல்லாத்தையும் அணைச்சு, கதவு லைட் எரியாம பாத்துக்கோங்க. இந்த நிலையில யாரும் சாவி திருப்பக் கூடாது, செல்ஃப் அடிச்சா மீட்டர் ஃபியூஸ் அந்த நொடியே போகும். பழைய மெக்கானிக்கல் வண்டியில 20, 30 மில்லி ஆம்ப்புக்கு மேல வர வேலையே இல்ல, 50-ஐத் தாண்டினா தேடணும். அரை ஆம்ப் கசிஞ்சா ஒரு நாளைக்கு 12 ஆம்ப் ஹவர் போகும், 70 ஆம்ப் ஹவர் பேட்டரி மூணு நாள்ல பாதி காலி.

ஒவ்வொரு ஃபியூஸா பிடுங்குங்க, எதைப் பிடுங்கினதும் மீட்டர் இறங்குதோ அந்த வழியில கசிவு. எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் இறங்கலன்னா ஃபியூஸே இல்லாம பேட்டரியில இருந்து நேரா எடுத்த கனெக்‌ஷன், இல்ல ஆல்டர்னேட்டர். ராத்திரி பூரா நின்ன வண்டியில காலையில ஆல்டர்னேட்டரைத் தொட்டா வெதுவெதுப்பா இருந்துச்சுன்னா டயோடு வழியா கசியுது, மைனஸ் கழட்டின நிலையில ஆல்டர்னேட்டர்ல இருந்து பேட்டரிக்குப் போற கனமான பி பிளஸ் வயரைக் கழட்டி டேப் சுத்திட்டு மறுபடி அளந்தா தெரிஞ்சிடும்.

கண்டுபிடிச்ச பிறகு

வயரை வெட்டினா உள்ள காப்பர் பளபளன்னு இருக்கிற இடம் வரைக்கும் வெட்டுங்க, கறுத்த, பச்சை பூத்த காப்பர்ல ஜாயிண்ட் போட்டா கொஞ்ச நாள்ல திரும்பி வரும். முறுக்கி டேப் சுத்துறது வேண்டாம், நம்ம வெயிலுக்கு டேப் பசை இளகி அவிழ்ந்துடும், கிரிம்ப் லக் போட்டு மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. வீட்டு வயரிங்குக்குப் போடுற ஒத்தைக் கம்பி வயரை வண்டியில போடவே போடாதீங்க, அதிர்வுல ஒடிஞ்சிடும். எர்த் மாட்டுற இடத்துல பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியுற வரைக்கும் தேய்ச்சு, பல்லு வச்ச வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கின பிறகு மேல கிரீஸ் தடவுங்க. கடைசியா முதல்ல எந்த இடத்துல எப்படி அளந்தீங்களோ அதே இடத்துல திரும்ப அளங்க, அளவு மாறியிருந்தாத்தான் வேலை முடிஞ்சுது.

ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டாருக்கு உள்ள இருக்கிற வேலைன்னு தெரிஞ்சா ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்டயே குடுங்க, அதுக்குத் தனி கருவி, தனி பழக்கம் வேணும். ஆனா போகும்போது "சார்ஜ் ஏறல அண்ணே"ன்னு மட்டும் சொல்லாதீங்க, "டி பிளஸ் வயர் நல்லா இருக்கு, பெல்ட் டைட்டா இருக்கு, ரேஸ் குடுத்தாலும் 12.3-தான் வருது"ன்னு சொல்லிப் பாருங்க, அவரும் நேரா பிரஷ்ல கை வைப்பாரு, தேவையில்லாத பார்ட் பில்லுல ஏறாது. அந்த அளவுகளை, தேதியோட, ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டி வச்சுடுங்க, எந்த ஃபியூஸ் எதுக்குன்னும் அதுலயே குறிச்சுடுங்க, அடுத்த தடவை ராத்திரி ரோட்டோரமா நின்னு டார்ச் அடிச்சுத் தேடுறது நீங்களா இருந்தாலும் உங்க டிரைவரா இருந்தாலும் அதைப் பார்த்தே ஆரம்பிக்கலாம்.